பேட்டரி செத்த பிறகு

கென்யாவில் மின்கம்பி எட்டாத கிராமங்களில் மண்ணெண்ணெய் விளக்கை ஓரங்கட்டியது சூரிய விளக்கு. 2007இல் வந்த ‘எம்-பெசா’ செல்போன் பணச் சேவை அதற்குப் பெரிதும் கைகொடுத்தது. சிறு முன்பணம் கொடுத்து பேனல், பேட்டரி, இரண்டு மூன்று பல்புகள் அடங்கிய தொகுப்பை வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம். மிச்சத்தை அன்றாடம் சில்லறையாகக் கட்டலாம். தவணை நின்றால் கருவி பூட்டிக்கொள்ளும்.

இவ்வளவு சாமர்த்தியமான ஏற்பாட்டில், கருவி செத்தால் என்ன செய்வது என்பதை மட்டும் வெகுகாலம் யாரும் பெரிதாக யோசிக்கவில்லை.

முதலில் சாவது பேட்டரிதான். பேனல் இருபது ஆண்டுகூட உழைக்கும். பேட்டரி சில ஆண்டுகளிலேயே சோர்ந்துவிடும், அதற்குள் உத்தரவாதமும் முடிந்திருக்கும். அதற்காக மக்கள் உடனே தூக்கி எறிந்துவிடுவதில்லை. கென்யாவில் ஆய்வு செய்து 2018இல் கட்டுரை எழுதிய எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ஜேமி கிராஸும் டெக்லன் மரேயும் கண்டது இதுதான்: பழுதான விளக்குகள் வீட்டிலேயே கிடக்கின்றன, அல்லது கடைத்தெரு ‘ஃபுண்டி’யிடம் போகின்றன. ஃபுண்டி என்பவர் ரேடியோவையும் செல்போனையும் பிரித்துப் பழகிய உள்ளூர் மெக்கானிக். ஆனால், ஒட்டி மூடப்பட்ட கருவியை அவரால் என்ன செய்ய முடியும்? உதிரிபாகமும் எளிதில் கிடைப்பதில்லை. ஏழைக்கென்று செய்த பொருளை அந்த ஊர் மெக்கானிக்கே திறக்க முடியாதபடி செய்வது எந்த ஊர் நியாயமோ!

அதன் பிறகு பேட்டரி எங்கே போகும் என்பதை அதன் விலைதான் தீர்மானிக்கிறது. பழைய ஈய பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம். அதைக் காசு கொடுத்து வாங்க ஆள் உண்டு, ஆபத்தும் அங்கேதான். இன்னொரு ஆப்பிரிக்க நாடான மலாவியின் சந்தைகளில் பேட்டரியை வெட்டுக்கத்தியால் பிளந்து, ஈயத்தைக் கரி அடுப்பில் உருக்குகிறார்கள். இப்படி ஒரு பேட்டரியைப் பிரித்துப் புதுப்பிக்கும்போது 3.5 முதல் 4.7 கிலோ வரை ஈயம் சுற்றுப்புறத்தில் சிதறுவதாக மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் கணக்கிட்டார்கள். ஈயப் புகையையும் தூசியையும் சுவாசிக்கும் குழந்தைகளின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். அந்தப் பாதிப்பு பிறகு சரியாகாது.

மொம்பாசா நகரின் ஓவினோ உகுரு குடியிருப்புக்கு இது நன்றாகத் தெரியும். அங்கே பழைய பேட்டரிகளை உருக்கிய ஆலை மூடப்பட்டது 2014இல். ஆலையை எதிர்த்துப் போராடிய பிலிஸ் ஒமிடோவுக்கு 2015இல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. மக்களுக்கு 130 கோடி ஷில்லிங் இழப்பீடு என்று 2020இல் தீர்ப்பானது. மேல்முறையீட்டில் அது ரத்தாகி, 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மீட்டுக் கொடுத்தது.

புதிய தொகுப்புகளில் பெரும்பாலும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிதான். ஈயம் இல்லை, நல்ல செய்தி. கோபால்ட்டும் நிக்கலும்கூட இல்லை. அதனால் காயலான் கடைக்காரர் சீந்துவதில்லை, குப்பைக் குழியில் விழுகிறது. எங்கோ மலையடிவாரக் குடிசையிலிருந்து அரைக் கிலோ பேட்டரியை நைரோபிக்குக் கொண்டுவரும் வண்டிக்கூலிகூட அதன் உள்ளிருக்கும் பொருளை விற்றால் தேறாது.

எனவே அந்தக் கூலியை யாராவது தந்தாக வேண்டும். கென்யாவின் 2022ஆம் ஆண்டு கழிவு மேலாண்மைச் சட்டம் அந்தப் பொறுப்பைத் தயாரித்தோ இறக்குமதி செய்தோ விற்றவர்கள் தலையில் வைக்கிறது. அது சரிதான்: ஒவ்வொரு தவணையையும் கிராமத்திலிருந்து வசூலிக்கும் வலைப்பின்னலும் முகவர்களும் அவர்களிடம்தான் இருக்கிறார்கள். புது விளக்கு கொடுக்கப் போகும் முகவரே பழைய பேட்டரிக்கு ஒரு தொகை கழித்து, அதை வாங்கி வரலாம். அந்தச் செலவு முதல் நாளே விலையில் சேர்ந்தால் விளக்கு சற்று விலை கூடும். சேராவிட்டால் அதைக் கட்டப்போவது ஓவினோ உகுரு போன்ற இடங்கள்.