கதிர்காம வழியில் மூட்டையும் சோறும்

பயணம் புறப்படுவோர் விடை காண வேண்டிய வினாக்கள் இரண்டு உள. எதைக் கொண்டு செல்வது என்பது ஒன்று; வழியில் எங்கே உண்பது என்பது மற்றொன்று. இவை வெவ்வேறு வினாக்கள் போலத் தோன்றினும் தம்முள் பிரிக்க முடியாதவை. வழியில் உணவு கிடைக்குமாயின் மூட்டை சிறுக்கும். கிடையாதாயின் மூட்டை பெருக்கும். இவ்வுண்மையைக் கல்முனை மக்கள் நூல்களைப் புரட்டி அறிய வேண்டியதில்லை. ஆண்டுதோறும் தம் ஊர் வீதியால் கதிர்காமத்துக்கு நடந்து செல்லும் யாத்திரிகரைக் கண்டாலே போதும்.

இந்தப் பாதயாத்திரை வடக்கே தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி ஆலயத்தில் தொடங்குகின்றது. முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு ஆகிய இடங்களைக் கடந்து தெற்கு நோக்கி வருகின்றது. இடையிடையே பலர் வந்து சேர்ந்துகொள்வர். கல்முனைக்குத் தெற்கே சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில், பொத்துவில் என ஊர்கள் வரிசையாக அமைந்துள்ளன. அப்பால் பாணமை; அதற்கும் அப்பால் உகந்தை மலை முருகன் ஆலயம். உகந்தையோடு ஊர் முடிந்து காடு தொடங்குகின்றது. கூமுனைக் காட்டையும் குமுக்கன் ஆற்றையும் யாலக் காட்டையும் நாலைந்து நாட்கள் நடந்து கடந்த பின்னரே மாணிக்க கங்கைக் கரையிலுள்ள கதிர்காமத்தை அடையலாம்.

ஆகவே இது பெயரளவில் ஒரு யாத்திரை. நடைமுறையில் இரண்டு யாத்திரைகள். உகந்தை வரையுள்ளது ஊர் வழி. உகந்தைக்குப் பின்னுள்ளது காட்டு வழி. இரண்டிற்கும் ஒரே மூட்டை உதவாது. ஊர் வழியில் தேவையற்ற பொருள்களைச் சுமந்து கால்களைப் புண்ணாக்கிக்கொண்டு, காட்டு வழியில் தேவையான பொருளின்றித் தவிப்பது புதிதாகச் செல்வோர் பலருக்கு நேரும் துன்பமாகும்.

முதலில் ஊர் வழியை நோக்குவோம். இங்கு ஆலயங்களிலும் வீதியோரப் பந்தல்களிலும் அன்னதானம் நடைபெறும். யாத்திரிகர் தாவர உணவையே கொள்வராதலின், அன்னதானம் இல்லாத இடத்தில் சைவக் கடையைத் தேடுவர். அதுவும் அகப்படாத இடத்தில் வாழைப்பழம், இளநீர், தயிர், தேநீர் ஆகியவை துணை செய்யும். இக்கரையோரத்தில் தமிழ் ஊர்களும் முஸ்லிம் ஊர்களும் மாறி மாறி அமைந்திருப்பதால், நடந்து செல்பவர் ஒரே நாளில் கோயில் மணியையும் பள்ளிவாசலின் பாங்கொலியையும் கேட்பார். தாகத்தோடு வருபவருக்குத் தண்ணீர் கொடுப்பது இரு சாராருக்கும் அறமேயாகும். கொடுத்ததை நன்றியோடு ஏற்று, அளவோடு உண்டு, உண்ட இடத்தைத் துப்புரவாக விட்டுச் செல்லுதல் யாத்திரிகரின் கடமை. வயிறு நிரம்ப உண்டவர் வெயிலில் நடக்க வல்லரல்லர். விடியுமுன் புறப்பட்டு, உச்சி வெயிலில் மர நிழலில் தங்கி, மாலையில் மீண்டும் நடப்பதே வழிவழி வந்த முறை.

இவ்வளவு வசதியுள்ள வழிக்கு வேண்டிய பொருள்கள் மிகச் சில. உடுத்த உடை போக இரண்டு மாற்றுடைகள். ஒன்றைத் துவைத்து உலர்த்தும்போது மற்றொன்று உதவும். ஒரு சால்வை போதும். அதுவே துவாய், அதுவே போர்வை, அதுவே வெயிலுக்குத் தலைமறைப்பு. படுக்க ஒரு பாய், உண்ண ஒரு தட்டு, பருக ஒரு போத்தல், இரவுக்கு ஒரு மின்சூள். நாள்தோறும் உட்கொள்ளும் மருந்து உள்ளவர்கள் அதை மறத்தலாகாது.

சுமையின் அளவு பற்றி உலகெங்கும் நெடுநடை செல்வோரிடையே ஒரு கணக்கு வழங்குகின்றது. உடலின் நிறையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கலாகாது என்பதே அது. ஐரோப்பாவில் இங்கிலாந்தின் கன்ரபரியிலிருந்து இத்தாலியின் உரோமாபுரி வரை செல்லும் பழைய யாத்திரை வழி ஒன்றுண்டு. கி.பி. 990ஆம் ஆண்டில் கன்ரபரிப் பேராயர் சிசெரிக் உரோமாபுரியிலிருந்து திரும்புகையில் தாம் தங்கிய ஏறத்தாழ 80 இடங்களின் பெயர்களை வரிசையாகக் குறித்து வைத்தார். வித்தேர்போ, சியேனா, லூக்கா முதலிய இத்தாலிய நகரங்கள் அவ்வரிசையில் உள்ளன. இன்றும் அவ்வழியே முதுகுப் பையோடு நடப்பவர் பலர். தங்குமிடங்கள் நிறைந்த வழியாதலின் அவர்கள் சிறு சுமையோடு செல்ல முடிகின்றது. நம் ஊர் வழியும் அத்தகையதே.

இனிக் காட்டு வழியைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 60 கிலோ நிறையுள்ள ஒருவர் 6 கிலோ சுமக்கலாம். வெயிலில் நடக்கும் அவருக்கு நாளொன்றுக்கு 4 லீற்றர் தண்ணீராவது வேண்டும். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ நிறையுடையது. எனவே தண்ணீரே 4 கிலோவாகின்றது. நாளுக்கு 400 கிராம் வீதம் நான்கு நாட்களுக்கு அரிசி 1,600 கிராம். எஞ்சுவது 400 கிராம் மட்டுமே! பாயும் உடையும் பருப்பும் உப்பும் சமையற் பாத்திரமும் அதற்குள் அடங்குமா?

தனி மனிதருக்கு அடங்காத இக்கணக்கு கூட்டத்துக்கு அடங்கும். பத்துப் பேர் சேர்ந்தால் பானை ஒன்றே போதும்; கத்தியும் ஒன்றே போதும். ஒருவர் பருப்பைச் சுமக்க, மற்றொருவர் எண்ணெயைச் சுமப்பார். ஊர் வழிக்கு உதவிய இரண்டாம் மாற்றுடையை உகந்தையில் விட்டுவிட்டு அந்த இடத்தை அவலுக்குக் கொடுப்பார் வேறொருவர். அடுப்பு மூட்ட இயலாத வேளையில் அவலும் சர்க்கரையும் பேரீச்சம்பழமும் பசியாற்றும். யானையும் கரடியும் சிறுத்தையும் உலவும் காட்டில் கூட்டமாகச் செல்வது பாதுகாப்பு என்பர். அது சோற்றுக்கும் பாதுகாப்பு என்பதை இக்கணக்குக் காட்டுகின்றது.

எல்லாவற்றினும் முதன்மையானது தண்ணீர். 19ஆம் நூற்றாண்டில் இவ்யாத்திரையின்போது வாந்திபேதி பரவியதால், ஆங்கிலேய அரசாங்கம் யாத்திரிகரின் தொகையையே கட்டுப்படுத்த நேர்ந்தது. இக்காலத்தில் தங்குமிடங்களில் தண்ணீர்த் தாங்கிகள் வைக்கப்படுகின்றன. ஆயினும் ஒரு தாங்கிக்கும் அடுத்த தாங்கிக்கும் இடையிலுள்ள வெயிலைத் தம் போத்தலை நம்பியே கடக்க வேண்டும். ஆற்று நீரையும் குளத்து நீரையும் கொதிக்க வைத்தே பருகுதல் வேண்டும். வயிற்றோட்டம் கண்டால் ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் மட்டமாக 6 தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகப் பருகக் கொடுக்கலாம். இதற்கு வேண்டிய சீனியும் உப்பும் ஒரு கைப்பிடிக்குள் அடங்கும். உயிரைக் காக்கும் பொருளுக்கு மூட்டையில் எப்போதும் இடமுண்டு.

மூட்டையில் இருந்து குறைவதெல்லாம் வயிற்றுக்குப் போவதில்லை. பொலித்தீன் பையும் வெற்றுப் போத்தலும் எஞ்சும். அவற்றைக் காட்டில் எறிந்தால் யானையும் மானும் தின்று மடியும். நிறைந்த போத்தலைச் சுமந்து வந்தவருக்கு வெற்றுப் போத்தல் பாரமாகாது. அதைத் திருப்பிக் கொண்டு வருதல் வேண்டும். அடுப்பை நீர் ஊற்றி அணைத்த பின்னரே இடம் பெயர்தல் வேண்டும்.

கதிர்காமத்தை அடையும்போது யாத்திரிகரின் மூட்டை ஏறத்தாழ வெறுமையாகியிருக்கும். அங்கே முருகன் ஆலயமும் பள்ளிவாசலும் அருகருகே இருக்கக் காணலாம். அவ்வளவு தூரம் தம்மைக் கொண்டு வந்து சேர்த்தது தம் தோளிலிருந்த சிறு மூட்டை மட்டுமன்று என்பது அப்போது அவருக்கு விளங்கும். ஊர் வழியில் முகமறியாதவர்களின் அடுப்புகள் எரிந்தன. காட்டு வழியில் உடன் வந்தவர் ஒருவர் பருப்பைச் சுமந்தார். ஒருவர் குறைவாகச் சுமந்து நெடுந்தூரம் செல்வதற்கு மற்றவர்கள் பலர் இடங்கொடுக்கின்றனர். அடுத்த ஆண்டு யாத்திரிகர் வருகையில், வீட்டு வாயிலில் ஒரு குடம் தண்ணீரும் ஒரு பேணியும் வைப்பவரும் அந்த யாத்திரையில் பங்கு கொண்டவரே ஆவர்.