குழந்தையின் கைக்கு வண்ணக் கூழ்

தறி ஓடும் வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை சும்மா இராது. சாயமேறிய நூலைக் கண்டால் பற்றி இழுக்கும். கஞ்சிப் பானையைக் கண்டால் கையை விடும். குறும்பு என்று நாம் அதட்டுகிறோம். ஆனால் அவ்வயதில் குழந்தை தொட்டும், பிசைந்தும், முகர்ந்துமே பொருள்களை அறிகின்றது. அவ்வேட்கைக்கு ஆபத்தில்லாத வழியில் இடங்கொடுப்பதே தக்கது.

ரோம் நகரில் பள்ளி நடத்திய ரூத் ஃபைசன் ஷா என்னும் அமெரிக்க ஆசிரியை, குழந்தைகள் விரலாலேயே வண்ணந் தீட்டும் முறையை வகுத்து, 1934-இல் அதைப் பற்றி நூலும் எழுதினார். தூரிகை பிடிக்கத் தெரியாத கைக்கும் இது எளிது. கடைச்சரக்கு எதுவும் வேண்டுவதில்லை. ஒரு பங்கு அரிசி மாவை நான்கு பங்கு நீரில் கட்டியின்றிக் கரைத்துக் கூழாகக் காய்ச்சி, நன்கு ஆறவிடுக. மூன்று கிண்ணங்களில் பிரித்து, ஒன்றில் மஞ்சள் தூளும், மற்றவற்றில் பீட்ரூட் சாறும் கீரைச் சாறும் கலந்து, தாம்பாளத்தில் ஊற்றிக் கொடுக்கலாம். வாயில் வைத்தாலும் கேடில்லை. கூழ் புளித்துப்போகுமாதலால் அன்றன்றைக்கே காய்ச்ச வேண்டும். துணியில் பட்ட மஞ்சட்கறை வெயிலில் வெளிறிவிடும். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்திச் சிவப்பு கிடைக்குமே என்பர் பாட்டிமார். சுண்ணாம்பு கண்ணைக் கெடுக்கும், வேண்டாம்.

அங்கத்தினர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பாவுக்கு இடும் கஞ்சியை விளையாட எடுத்துக் கொடுக்கலாகாது. பூஞ்சை பிடியாதிருக்க அதில் மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. சாயப் பொடியும் காஸ்டிக் சோடாவும் பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். சாயமிட்ட பாத்திரம், கழுவியதாயினும், இவ்விளையாட்டுக்கு ஆகாது. உழவர் இல்லங்களிலோ, மருந்து கலந்த விதைகளுக்கு எச்சரிக்கைக்காகவே சிவப்பு முதலிய நிறமேற்றுகின்றனர். அந்நிறமே குழந்தையை ஈர்த்துவிடும். மூன்று வயது நிரம்பும்வரை புளியங்கொட்டை, மொச்சை, மணி போன்றவற்றையும் கொடுத்தல் கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். நீண்ட நூலும் அவ்வாறே ஆகாது, கழுத்தில் சுற்றிக்கொள்ளும்.

"இது என்ன படம்?" என்று குழந்தையைக் கேட்பது வீண். அது படம் வரையவில்லை. கூழ் வழுக்குவதையும், மஞ்சளும் சிவப்பும் கலந்து வேறு நிறமாவதையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. பெரியவர் ஒருவர் கைவேலையை நிறுத்திவிட்டு அருகில் அமர்ந்தால் போதும். தறியில் இருந்தபடியே பார்த்துக்கொள்ளலாம் என்பது சரிப்படாது. கால் மணியில் குழந்தை சலித்து எழுந்துவிட்டால், தாம்பாளத்தைக் கழுவி வைத்துவிடலாம்.