பூஜ்யமா? 'ஓ'வா?

ஊருக்குப் பணம் அனுப்ப வங்கிக் கிளையின் ஐ.எப்.எஸ்.சி. குறியீடு வேண்டும். மொத்தம் 11 இடம். 5-வது இடத்தில் எப்போதும் பூஜ்யம்தான். அதை ஆங்கில 'ஓ' என்று நினைத்து எழுதிவிட்டுத் திண்டாடுவோர் உண்டு.

குற்றம் அவர்களுடையது அல்ல. அச்செழுத்தின் வடிவம் அப்படி!

பழைய டைப்ரைட்டர்கள் பலவற்றில் 1-க்குத் தனி விசையே கிடையாது. சிறிய 'எல்'லைத் தட்டி ஒப்பேற்றினார்கள். படித்தவர் மனிதர், புரிந்துகொண்டார். கம்ப்யூட்டரிடம் அந்தத் தாட்சண்யம் நடக்காது. ஓர் எழுத்து மாறினால் புரோகிராமே நின்றுவிடும்.

ஆகவே புரோகிராம் எழுதுவோர் எழுத்துருவைப் பொறுக்கித்தான் எடுக்கிறார்கள். பலருக்குப் பிடித்தது 'கன்சோலாஸ்'. டச்சுக்காரர் லூகாஸ் டி குரூட் வடித்தது. 2007-ல் விண்டோஸ் விஸ்டாவுடன் பரவியது. எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். பூஜ்யத்தின் நடுவே ஒரு சாய்கோடு. குழப்பமே இல்லை.

வங்கி பாஸ்புத்தகத்திலும் பூஜ்யத்துக்கு அந்தக் கோட்டைப் போட்டால் என்ன?