நோக்கோலின் தண்டு திரள்வது ஏன்?

குச்சவெளியின் மணற்பாங்கான தோட்டங்களில் சின்ன வெங்காயம் பயிரிடுவோர், அங்கே திரள்வது வேரன்று, இலைகளின் அடிப்பாகமே என்பதை உரித்துப் பார்த்தே அறிவர். கரட்டில் பருப்பது வேர். தமிழகத்தார் நூல்கோல் என்று சொல்லும் நோக்கோலிலோ பருப்பது தண்டு. அதன் மேலுள்ள தழும்புகள் இலைக்காம்பு விழுந்த இடங்கள்; வேரில் இலை முளைப்பதில்லையன்றோ?

நோக்கோலும் கோவாவும் ஒரே இனம். இரண்டின் கலங்களிலும் நிறமூர்த்தங்கள் 18. நோக்கோலில் மட்டும் தண்டின் நடுவிலுள்ள கலங்கள் மிகுதியாகப் பெருகி, விரிந்து, நீரையும் வெல்லத்தையும் சேர்த்துவைக்கின்றன.

1866-ஆம் ஆண்டு மெண்டல் வெளியிட்ட ஆய்வில், பட்டாணியின் நெட்டை, குட்டைப் பண்பு ஒரே காரணியைச் சார்ந்திருந்தது. நோக்கோலின் பருமன் அவ்வாறன்று; பல பரம்பரையலகுகள் கூடியே அதனை ஆக்குகின்றன. ஆகவே நோக்கோலையும் கோவாவையும் கலந்தால் முதல் தலைமுறையில் இடைப்பட்ட தண்டே அமையும். அடுத்த தலைமுறையில் மெலிந்ததும் தடித்ததுமாகப் பலவகை தோன்றும்.

வெங்காயத்தின் குமிழையே நட்டால் தாயைப் போலவே சேய் விளையும். விதையால் பெருகும் நோக்கோலுக்கு அந்த உறுதி இல்லை. தேனீ, அயலிலுள்ள கோவாவின் மகரந்தத்தைக் கொண்டுவந்துவிடும். குளிர் பெற்ற பின்னரே இவை பூப்பதால், நம் கரையோர வெப்பத்தில் விதை எடுப்பதும் அரிது. விதை கலப்புற்றதாயின், எவ்வளவு எருவிட்டாலும் தண்டு செவ்வனே திரளாது. ஆதலால் நோக்கோல் பயிரிட விரும்புவோர் முதலில் விதையின் தூய்மையை விசாரித்தறிதல் வேண்டும்.