கை அறிந்ததும் தாள் கேட்பதும்: டீசல் மெக்கானிக் பயிற்சி பற்றிச் சில குறிப்புகள்

டோர்செட் பார்க்கில் நான் வாழும் கட்டடத்தில் ஒருவர் இருக்கிறார். ஊரில் இருபத்திரண்டு வருடங்கள் லொறி எஞ்சின்களோடு வாழ்ந்தவர். இங்கே ஒரு கராஜில் ரயர் மாற்றுகிறார், ஒயில் மாற்றுகிறார். எஞ்சினைத் திறக்க அவருக்கு அனுமதியில்லை. ஒருநாள் சொன்னார்: "தம்பி, சத்தத்தைக் கேட்டே எந்தச் சிலிண்டர் வேலை செய்யேல்லை எண்டு சொல்லிப்போடுவன். ஆனா இவங்கட சோதினைப் பேப்பரில அதை என்ன பேரில கேக்கிறாங்கள் எண்டுதான் விளங்கேல்லை."

இதை ஒரு தனிமனிதரின் மனக்குறையாக ஒதுக்கிவிட முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். ஒன்ராறியோவில் பாரவண்டி, பஸ் திருத்துநர் தொழில் (இலக்கம் 310T) கட்டாயச் சான்றிதழ் பெறவேண்டிய தொழில்களில் ஒன்று. தகுதிச் சான்றிதழ் உள்ளவரோ, பதிவுசெய்யப்பட்ட தொழில்பழகுநரோதான் அதைச் செய்யலாம். பழகுநராகச் சேருபவர் சில ஆண்டுகள் கராஜில் வேலைசெய்தபடி, மூன்று கட்டங்களாகக் கல்லூரி வகுப்புகளுக்கும் செல்லவேண்டும். ஸ்காபரோவில் இதற்கான இடம் எமக்கு அருகிலேயே உள்ளது: 1966 இல் ஒன்ராறியோவின் முதற் சமூகக் கல்லூரியாகத் தொடங்கிய சென்ரெனியலின் அஷ்ரன்பீ வளாகம். வெளிநாட்டில் அனுபவம் பெற்றவருக்கு இன்னொரு பாதையும் உண்டு. தன் அனுபவத்தை மதிப்பீட்டுக்குச் சமர்ப்பித்து, ஏற்கப்பட்டால், நேரடியாகச் சோதனை எழுதலாம். சித்தியடைய 70 வீதம் வேண்டும்.

தாளில் இது நியாயமான ஏற்பாடுதான். ஆனால் அனுபவத்தை நிரூபிக்கப் பழைய முதலாளியின் கடிதம் வேண்டும். கராஜும் முதலாளியும் யுத்தத்தில் இல்லாமற் போனவர் யாரிடம் கடிதம் கேட்பது?

அடுத்து, எஞ்சின். பெற்றோல் எஞ்சினில் எரிபொருளும் காற்றும் கலந்த கலவையைப் பொறி பற்றவைக்கிறது. டீசல் எஞ்சினில் பொறியே கிடையாது. பிஸ்ரன் காற்றை மட்டும் ஏறத்தாழ 14 முதல் 22 மடங்குவரை நெருக்குகிறது. நெருக்கப்பட்ட காற்று கொதித்துப்போயிருக்கும் கணத்தில் டீசல் நுண்துளிகளாகப் பீச்சப்படுகிறது; தானாகப் பற்றுகிறது. 1897 இல் ஜேர்மனியின் அவுக்ஸ்பேர்க்கில் றுடோல்ஃப் டீசல் வெற்றிகரமாக இயக்கிக்காட்டிய இத்தத்துவம் இன்றும் மாறவில்லை. மாறியது டீசலைப் பீச்சும் முறை.

எம்மவர் ஊரில் பழகியது இயந்திரப் பம்ப். அதன் கோளாற்றைக் காதும் கையும் அறியும்: இன்ஜெக்டர் குழாயின் நட்டைச் சற்றுத் தளர்த்தி, எஞ்சினின் ஓசை மாறுகிறதா என்று கேட்பார்கள். 1990களின் நடுப்பகுதியிலிருந்து பரவிய பொதுக்குழாய் முறையில் அழுத்தம் வளிமண்டலத்தைப்போல 2000 மடங்கையும் தாண்டும். பழைய பழக்கத்தில் அந்தக் குழாயைத் தளர்த்தினால், பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே செல்லும். கையையே இழக்க நேரலாம். எப்போது, எவ்வளவு பீச்சுவது என்பதைக் கணினி தீர்மானிக்கிறது. 2007 இன் பின் வட அமெரிக்கப் பாரவண்டிகளில் புகைக்கரி வடிகட்டியும், 2010 அளவில் யூரியாக் கரைசலைப் புகையில் தெளிக்கும் அமைப்பும் வந்தன. ஆகவே பயிற்சியை வெறும் அதிகாரச் சடங்கு என்று தள்ளிவிடவும் முடியாது. எமது மெக்கானிக் கற்கவேண்டியது உண்மையிலேயே உண்டு.

ஆனால் அவர் எதுவும் அறியாதவராக வகுப்பில் உட்காரவில்லை. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகள் சில துளி பெற்றோலில் எஞ்சினைத் தொடக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடவைத்தார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது என்ற பௌதிகம் தெரியாமலா இதைச் செய்தார்கள்? தெரியும். அதைச் சொல்லும் சொற்கள்தான் அவர்களிடம் இருக்கவில்லை.

இலங்கையிலேயே இந்தப் பிளவு இருந்தது. 1958 இல் பஸ் சேவை அரசுடைமையானபின், இ.போ.ச.வுக்கு மெக்கானிக்குகளை உருவாக்க மேற்கு ஜேர்மனியின் உதவியோடு பயிற்சி தொடங்கியது. அதுவே பின்னர் மொரட்டுவையின் 'ஜேர்மன் ரெக்' ஆகியது. அங்கே சென்றவருக்குக் கையும் சொல்லும் சேர்ந்து கிடைத்தன. ஊர்க் கராஜில் எடுபிடியாகத் தொடங்கியவருக்குக் கை மட்டுமே வாய்த்தது.

இங்கேதான் வாசகர்களாகிய எம் பக்கம் கேள்வி திரும்புகிறது. உழைப்பைப் பற்றி எத்தனை கட்டுரைகள் எழுதியிருப்போம்! ஒயில் படிந்த கையை அறிவுள்ள கையாக ஒருமுறையாவது எழுதினோமா? கைத்தொழிலைக் கீழாக வைத்த சாதி மனத்தை விமானத்தில் கூடவே கொண்டுவந்துவிட்டு, வேறு பெயரில் பேணுகிறோம் என்றே எனக்குப் படுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயில் சாமுவேல் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார், நூல்களையும் தமிழாக்கினார். அறுவைச் சிகிச்சையைச் சொல்ல முடிந்த மொழிக்கு இன்ஜெக்டரைச் சொல்ல முடியாதா?

சோதனை ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோதானே, தமிழ் எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். சோதனையைத் தமிழில் நடத்தும்படி நான் கேட்கவில்லை. கையில் இருக்கும் அறிவை முதலில் தன் மொழியில் அடையாளம் காண்பவர்தான் அதற்கான ஆங்கிலச் சொல்லை மனனமாக அல்லாமல் விளக்கத்தோடு பற்றிக்கொள்வார் என்கிறேன். கராஜ் சொல், தமிழ் விளக்கம், சோதனைச் சொல் என்று மூன்று நிரலில் ஒரு சொற்றொகுதி; வாரத்தில் ஒரு மாலை, மெக்கானிக்குகளும் ஆங்கிலம் தெரிந்த மாணவரும் ஒரே மேசையில் – தொடக்கத்துக்கு இது போதும். கடிதம் கிடைக்காதவருக்கு விண்ணப்பம் எழுதவும் அதே மேசை உதவும்.

அந்த மேசையில் யார் யாருக்குக் கற்பிப்பார்கள் என்பதை முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டு போகவேண்டாம். எஞ்சின் பற்றி மேலே எழுதியதிற் பெரும்பகுதியை நான் அந்த மனிதரிடம் கேட்டுத்தான் விளங்கிக்கொண்டேன்.