குருவாயூரில் கல்யாணமா?

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்' என்பார்கள். அதை வெளியூரில் பண்ணுவதென்றால் கேட்க வேண்டுமா!

உங்கள் பெண்ணுக்குக் குருவாயூரில் தாலி கட்டுவதாகப் பிரார்த்தனையா? கோயிலுக்கு எதிரே மண்டபத்தில் சடங்கு சில நிமிஷங்களில் முடிந்துவிடும். ஆனால் 2024 செப்டம்பர் 8-ஆம் தேதி மட்டும் அங்கே 300-க்கு மேற்பட்ட கல்யாணங்கள் நடந்தன! ஆகவே தேவஸ்வத்தில் பதிவு செய்து, தங்க அறையும் பிடித்த பிறகே பத்திரிகை அச்சடியுங்கள். ரயிலில் 60 நாள் முன்பே இடம் பதிவு செய்யலாம். கோயிலுக்குள் ஆண்கள் சட்டையின்றி வேஷ்டியுடன்தான் போக வேண்டும். மாப்பிள்ளைத் தோழனின் கால்சராய் பெட்டியிலேயே இருக்கட்டும்!

ரயிலேற முடியாத பாட்டியையும் பிள்ளைத்தாய்ச்சி நாத்தனாரையும் மறந்துவிடாதீர்கள். ஊர் திரும்பியதும் மணமக்கள் முதலில் அவர்களைத்தான் நமஸ்கரிக்க வேண்டும், விருந்தெல்லாம் அப்புறம். 'என்னை விட்டுவிட்டுப் பண்ணினார்களே' என்ற குறை எந்தச் சீராலும் தீராது.