கொரிந்தியருக்கு எழுதப்பட்ட முதல் திருமுகத்தில் உயிர்த்தெழுதல்: உடலை முன்னிறுத்தும் நம்பிக்கை

ஆய்வுச் சுருக்கம்

கிறித்தவ சமயத்தின் மையக் கோட்பாடாகிய உயிர்த்தெழுதல், 'ஆன்மா அழிவதில்லை' என்னும் கருத்தோடு ஒன்றாகவே பெரும்பாலும் எண்ணப்படுகிறது. இவ்விரண்டும் வேறு வேறு என்பதைப் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 15ஆம் அதிகாரம் தெளிவாகக் காட்டுகிறது. அவ்வதிகாரத்தின் வாத அமைப்பு, சொல்லாட்சி, உவமை ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. உயிர்த்தெழுதல் பற்றிய கொரிந்து சபையின் ஐயம் உடலின் மதிப்பைப் பற்றிய ஐயமாகவும் இருந்தது என்பதும், பவுலின் விடை இறந்தோரைப் போலவே வாழ்வோரையும் நோக்கியது என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: உயிர்த்தெழுதல், பவுல், கொரிந்து, உடல், ஆன்ம அழியாமை, முதற்பலன், நம்பிக்கை அறிக்கை.

முன்னுரை

இறப்புக்குப் பின் மனிதர் என்ன ஆகின்றனர் என்னும் வினாவிற்குச் சமயங்கள் பல விடைகளைத் தந்துள்ளன. உயிர் வேறோர் உடலில் மீண்டும் பிறக்கும் என்பது ஒரு விடை. உடலாகிய சிறையிலிருந்து ஆன்மா விடுதலை பெறும் என்பது மற்றொன்று. கிறித்தவம் இவ்விரண்டினின்றும் வேறுபட்டு, இறந்த மனிதர் உடலோடு எழுப்பப்படுவர் என்று கற்பிக்கிறது. இக்கற்பிதத்தை விரிவாக வாதிட்டு நிறுவ முயலும் மிகப் பழைய கிறித்தவ எழுத்து, கொரிந்தியருக்கு எழுதப்பட்ட முதல் திருமுகமே ஆகும். நற்செய்தி நூல்கள் நான்கும் இதற்குப் பின்னரே எழுதப்பட்டன என்பது அறிஞர் பெரும்பாலோரின் கருத்து. ஆதலின் உயிர்த்தெழுதலின் பொருளை அறிய இத்திருமுகத்திலிருந்து தொடங்குதல் பொருத்தமாகும்.

கொரிந்து நகரும் திருமுகத்தின் சூழலும்

கி.மு. 146இல் உரோமானியரால் அழிக்கப்பட்ட கொரிந்து, கி.மு. 44இல் உரோமானியக் குடியேற்ற நகராக மீண்டும் நிறுவப்பட்டது. இரு கடல்களுக்கு இடைப்பட்ட நிலஇடுக்கில் அமைந்ததால் வணிகத்தில் செழித்த இந்நகரில், விடுதலை பெற்ற அடிமைகளும் வணிகரும் கைவினைஞரும் பல நாட்டவரும் கலந்து வாழ்ந்தனர். ஆளுநர் கல்லியோவின் பெயரைத் தாங்கிய தெல்பிக் கல்வெட்டின் துணைகொண்டு, பவுல் இந்நகரில் தங்கிய காலம் கி.பி. 50, 51ஆம் ஆண்டுகளை ஒட்டியது எனக் கணிக்கப்படுகிறது. இத்திருமுகத்தை அவர் சில ஆண்டுகளுக்குப் பின், ஏறத்தாழ கி.பி. 53க்கும் 55க்கும் இடையில், எபேசு நகரிலிருந்து எழுதினார்.

சபையில் பல பிளவுகள் தோன்றியிருந்தன. அவற்றுள் உடல் தொடர்பானவை மிகுதி. உடலால் செய்யும் பாலியல் குற்றம் பொருட்படுத்தத்தக்கதன்று எனச் சிலர் கருதினர் (6ஆம் அதிகாரம்). ஆண்டவரின் விருந்துக்குக் கூடிய இடத்தில் வசதி படைத்தோர் உண்டு மயங்க, இல்லாதோர் பசித்திருந்தனர் (11ஆம் அதிகாரம்). இவ்வரிசையில்தான் இறந்தோர் உயிர்த்தெழுதல் இல்லை என்று சிலர் கூறிய செய்தியும் இடம்பெறுகிறது (15:12). இம்மறுப்பைப் பிற சிக்கல்களிலிருந்து பிரித்து வெறும் கோட்பாட்டு விவாதமாகக் காண்பது திருமுகத்தின் ஓட்டத்திற்கு ஒத்ததன்று.

கிரேக்க மரபும் யூத மரபும்

கிரேக்க மெய்யியலில் ஆழ வேரூன்றிய ஒரு கருத்து, ஆன்மா உடலினும் மேலானது என்பது. பிளேட்டோவின் 'பைடோ' என்னும் உரையாடல் இறப்பை, ஆன்மா உடலினின்று பிரிதல் என விளக்குகிறது. இதனைக் கற்றோருக்கு, விட்டு நீங்கிய உடலை மீண்டும் பெறுதல் என்பது நற்செய்தியாகத் தோன்றியிருக்க இயலாது. ஏதென்சு நகரில் பவுல் இறந்தோர் உயிர்த்தெழுதலைக் குறிப்பிட்டவுடன் சிலர் ஏளனம் செய்தனர் எனத் திருத்தூதர் பணிகள் நூல் கூறுவதும் இங்கு எண்ணத்தக்கது.

யூத மரபில் இந்நம்பிக்கை படிப்படியாக வளர்ந்தது. தானியேல் நூலின் 12ஆம் அதிகாரத்திலும், மக்கபேயர் இரண்டாம் நூலின் 7ஆம் அதிகாரத்திலும் அது தெளிவான வடிவம் பெறுகிறது. பின்னதில், சமயச் சட்டத்தை மீற மறுத்துச் சித்திரவதைக்குள்ளாகும் ஏழு உடன்பிறப்புகளுள் ஒருவர், வெட்டப்படவிருக்கும் தம் கைகளைக் கடவுளிடமிருந்தே திரும்பப் பெறும் நம்பிக்கையை வெளியிடுகிறார். கொடுங்கோலன் சிதைத்த அதே உடலுக்குக் கடவுள் நீதி வழங்குவார் என்பதே அதன் உட்கிடை. எனினும் யூதர் அனைவரும் ஒரே கருத்தினர் அல்லர். பரிசேயர் உயிர்த்தெழுதலை ஏற்றனர், சதுசேயர் மறுத்தனர். நேர்மையாளரின் ஆன்மாக்கள் கடவுளின் கையில் உள்ளன என்னும் சாலமோனின் ஞான நூலின் கருத்தும் வழக்கில் இருந்தது.

இவ்விரு மரபுகளின் வேறுபாட்டை ஆஸ்கர் குல்மன் 1955இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆற்றிய சொற்பொழிவில் கூர்மையாக எடுத்துரைத்தார். அமைதியுடன் நஞ்சருந்தும் சாக்ரட்டீசுக்கு இறப்பு நண்பன். கெத்சமனியில் கலங்கும் இயேசுவுக்கு அது பகைவன் என்பது அவர் காட்டிய முரண். யூத எழுத்துகளிலேயே பல கருத்துகள் உள்ளமையால் இம்முரணை மிகைப்படுத்தல் ஆகாது. ஆயினும் பவுலைப் பொறுத்தவரை அது பொருந்துகிறது. சாவை அழிக்கப்படவேண்டிய கடைசிப் பகைவன் என்றே அவர் குறிப்பிடுகிறார் (15:26).

சொல்லும் பொருளும்

கிரேக்கத்தில் உயிர்த்தெழுதலைக் குறிக்கும் 'அனாஸ்தாசிஸ்' என்னும் சொல் எழுந்து நிற்றலைக் குறிப்பது. 'எகெய்ரோ' என்னும் வினை துயிலினின்று எழுப்புதலைக் குறிப்பது. இறந்தோரைத் துயில்கொண்டோர் எனப் பவுல் அழைப்பதும், கிறித்தவர் தம் இடுகாட்டைத் துயிலிடம் எனப் பொருள்படும் 'கோய்மெதேரியோன்' என்னும் சொல்லால் குறித்ததும் இவ்வுருவகத்தின் தொடர்ச்சியே.

தமிழில் பழைய கத்தோலிக்க வழக்கு 'உத்தானம்' என்னும் வடசொல்லை ஆண்டது. அதுவும் எழுதல் என்னும் பொருளதே. இன்று நிலைபெற்றுள்ள 'உயிர்த்தெழுதல்' என்பது உயிர்த்தலையும் எழுதலையும் இணைக்கிறது. பழந்தமிழில் உயிர்த்தல் மூச்சுவிடுதலையும் குறித்தலால், இச்சொல் உடலின் தன்மையை நன்கு ஏந்தி நிற்கிறது. ஆயினும் ஒரு நுட்பம் இதில் மறைகிறது. பவுல் கிறித்துவைப் பற்றிக் கூறுமிடத்து 'எகேகெர்த்தாய்' என்னும் செயப்பாட்டு வினையை ஆள்கிறார் (15:4). 'எழுப்பப்பட்டு, அந்நிலையிலேயே இருக்கிறார்' என்பது அதன் பொருள். எழுப்பியவர் கடவுள். 'உயிர்த்தெழுந்தார்' என்னும் வழக்கில் இச்செயலின் கருத்தா புலப்படுவதில்லை. ஆன்மா தன் இயல்பினாலேயே அழியாதது எனின் கடவுளின் புதுச்செயல் ஒன்றும் வேண்டுவதில்லை. உயிர்த்தெழுதலோ முற்றிலும் கடவுளின் கொடை. இவ்வேறுபாடு வினைவடிவிலேயே அடங்கியுள்ளது.

பவுலின் வாத அமைப்பு

பவுல் தம் வாதத்தைத் தாம் பெற்று ஒப்படைத்த மரபிலிருந்து தொடங்குகிறார் (15:3-8). கிறித்து இறந்தார், அடக்கம் செய்யப்பட்டார், எழுப்பப்பட்டார், தோன்றினார் என்னும் நான்கு கூறுகளைக் கொண்டது அம்மரபு. கேபா, பன்னிருவர், ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர், யாக்கோபு, திருத்தூதர் அனைவர் என்று சாட்சிகளை அடுக்கி, இறுதியில் பவுல் தம்மையும் சேர்த்துக்கொள்கிறார். ஐந்நூற்றுவருள் பெரும்பாலோர் இன்னும் உயிரோடிருப்பதாக அவர் கூறுவது, விரும்புவோர் வினவி அறியலாம் என்னும் குறிப்பினது. நற்செய்தி நூல்கள் முதன்மை தரும் வெற்றுக் கல்லறையும் பெண் சாட்சிகளும் இப்பட்டியலில் வெளிப்படையாக இடம்பெறவில்லை.

அடுத்து அவர் எதிர்மறை வழியில் வாதிடுகிறார் (15:12-19). இறந்தோர் எழுப்பப்படுவதில்லை எனின் கிறித்துவும் எழுப்பப்படவில்லை. அவ்வாறாயின் அறிவிப்பு வீண், நம்பிக்கை வீண், அறிவித்தோர் பொய்ச்சாட்சிகள், பாவம் நீங்கவில்லை, துயில்கொண்டோர் அழிந்தே போயினர், நம்பியோர் மாந்தரில் மிகவும் இரங்கத்தக்கோர். இவ்வடுக்கில் பவுல் தமக்குத் தப்பும் வழி ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. இது நிகழாதிருந்தாலும் இயேசுவின் போதனை நிலைக்கும் என்றோ, நினைவில் அவர் வாழ்கிறார் என்றோ அவர் கூறவில்லை. தம் வாழ்நாள் உழைப்பு முழுவதையும் ஒரே உண்மையின்மேல் ஏற்றி வைக்கிறார்.

பின்னர் 'முதற்பலன்' என்னும் உருவகம் வருகிறது (15:20). அறுவடையின் முதல் கதிர்க்கட்டைக் கடவுளுக்குப் படைக்கும் முறை லேவியர் நூலின் 23ஆம் அதிகாரத்தில் விதிக்கப்பட்டுள்ளது. முதற்கதிரும் பின்வரும் விளைச்சலும் ஒரே வயலைச் சார்ந்தவை. ஆகவே கிறித்துவின் உயிர்த்தெழுதல் அவருக்கு மட்டும் உரிய தனி அற்புதம் அன்று. எல்லோருக்குமான அறுவடையின் தொடக்கம்.

விதையும் உடலும்

இறந்தோர் எத்தகைய உடலோடு வருவர் என்னும் வினாவிற்குப் பவுல் விதையை உவமையாக்குகிறார் (15:35-44). விதைக்கப்படுவது வெறும் மணி, முளைத்தெழுவது பயிர். இரண்டும் ஒரே தோற்றத்தன அல்ல; ஆயினும் அந்த மணியின்றி அந்தப் பயிர் இல்லை. தொடர்ச்சியும் மாற்றமும் ஒருங்கே அமைவதால் உயிர்த்தெழுதல் இரு பிழைப்புரிதல்களினின்று விலகுகிறது. ஒன்று, இறந்த உடல் பழைய நிலைக்கே திரும்புதல். இலாசரும் நயின் ஊர்க் கைம்பெண்ணின் மகனும் உயிர்பெற்றதாக நற்செய்திகள் கூறுகின்றன. ஆனால் அவர்கள் பெற்றது மீண்டும் இறக்கக்கூடிய வாழ்வு. மற்றொன்று, உடலை விட்டொழித்தல். விதை எறியப்படுவதில்லை; மாற்றமடைகிறது.

பவுல் ஆளும் 'சோமா சுகிக்கோன்', 'சோமா நியூமாத்திக்கோன்' என்னும் தொடர்களைப் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு முறையே ஜென்ம சரீரம், ஆவிக்குரிய சரீரம் எனத் தருகிறது. பின்னதன் பொருளில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. இத்தகைய அடைமொழிகள் உடல் எதனால் ஆனது என்பதையன்று, எதனால் இயக்கப்படுகிறது என்பதையே குறிக்கின்றன என்பது என். டி. ரைட்டின் கருத்து. அக்கால மெய்யியலில் ஆவி என்பதும் நுண்ணிய பொருளாகவே கருதப்பட்டதால், நுண்பொருளாலான உடலையே பவுல் கருதினார் என்பார் டேல் மார்ட்டின். எவ்வாறாயினும் 'சோமா' என்னும் சொல்லைப் பவுல் கைவிடவில்லை என்பதில் இருவருக்கும் முரண் இல்லை. உயிர்த்தெழுதலை மறுத்தோர் சபையில் உயர்நிலையினர் என மார்ட்டின் கருதுவதும் கவனிக்கத்தக்கது. உடலை இழிந்ததாகக் கருதும் மெய்யியலும், உடலால் உழைப்போரைப் பசியோடு விட்டு உண்ணும் வழக்கமும் ஒரே சபையில் இருந்தமை தற்செயலாகத் தோன்றவில்லை.

பிற்கால விவாதங்கள்

ஊனும் இரத்தமும் கடவுளின் ஆட்சியை உரிமையாக்க இயலாது என்னும் பவுலின் கூற்று (15:50) இரண்டாம் நூற்றாண்டில் பெருவிவாதத்திற்கு இடமளித்தது. உடல் மீட்கப்படாது என்போர் இதனையே எப்போதும் சான்றாகக் காட்டுவதாக இரேனியு குறிப்பிட்டு, அதற்கு விரிவாக விடையிறுத்தார். தெர்த்துல்லியன் இதன்பொருட்டுத் தனி நூலே இயற்றினார். இலத்தீன் மொழியிலமைந்த திருத்தூதர் நம்பிக்கை அறிக்கை 'ஊனின் உயிர்த்தெழுதல்' என்றும், கி.பி. 381ஆம் ஆண்டின் நம்பிக்கை அறிக்கை 'இறந்தோரின் உயிர்த்தெழுதல்' என்றும் கூறுவதில் இவ்விவாதத்தின் தடம் காணப்படுகிறது.

இந்நம்பிக்கையின் ஆற்றலை அதன் பகைவரும் உணர்ந்திருந்தனர். கி.பி. 177ஐ ஒட்டி லியோன் நகரில் கொல்லப்பட்ட கிறித்தவரின் உடல்கள் எரிக்கப்பட்டு, சாம்பல் ரோன் ஆற்றில் கரைக்கப்பட்டதாக எயுசேபியு பதிவு செய்துள்ளார். எஞ்சியோர் உயிர்த்தெழுதலை நம்பித் துணிவு கொள்ளலாகாது என்பதே அச்செயலின் நோக்கம் எனக் காட்டப்படுகிறது.

முடிவுரை

சாவின் மீதான வெற்றியை உயர்ந்த நடையில் கூறி முடித்தவுடன், ஆண்டவருக்குரிய உழைப்பு வீண்போகாது ஆதலின் உறுதியோடிருங்கள் எனப் பவுல் அறிவுறுத்துகிறார் (15:58). அதற்கு அடுத்த வரியிலேயே எருசலேம் மக்களுக்கான நன்கொடை பற்றிப் பேசத் தொடங்குகிறார் (16:1). வாரத்தின் முதல் நாள்தோறும் ஒவ்வொருவரும் தம் வருவாய்க்கேற்பச் சேமித்து வைக்கவேண்டும் என்கிறார். இன்றுள்ள அதிகாரப் பிரிப்பு 13ஆம் நூற்றாண்டினது. அதனை நீக்கிப் படிப்பின் இவ்விரு பகுதிகளும் இடைவெளியின்றித் தொடர்வதைக் காணலாம்.

இத்தொடர்ச்சி உயிர்த்தெழுதலின் பொருளைத் தெளிவாக்குகிறது. உடல் கழித்துவிடத்தக்க கூடு எனின் அதன் பசியும் காயமும் பெரிதல்ல. கடவுள் எழுப்பவிருப்பது இந்த உடலையே எனின், அதற்கு இழைக்கப்படும் தீங்கும் அதற்கு அளிக்கப்படும் உணவும் நிலையான பொருளுடையன ஆகின்றன. எனவே பவுல் விளக்கும் உயிர்த்தெழுதல், இவ்வுலக வாழ்வைத் துறந்து வேறிடம் செல்லும் நம்பிக்கை அன்று. இறந்தோரின் உடலைக் கைவிடாத கடவுளை நம்புவோர் வாழ்வோரின் உடலையும் கைவிடலாகாது என்னும் கடமையை அது தன்னுள் கொண்டுள்ளது.